தன்னைத் தின்ற உடம்பு

கதவு திறந்ததும் நாய் செத்துவிட்டது என்றுதான் அனீசா நினைத்தாள்.

ஹாலின் வெறுந்தரையோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தது. விலா எலும்புகள் தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்போல இருந்தன. அவள் குனிந்தபோது ஒரு கண் மட்டும் திறந்தது.

ஹடப்சர் பகுதியிலிருந்த அந்த ஃபிளாட்டில் குடியிருந்தவர்கள் மாதத் தொடக்கத்திலேயே காலி செய்துவிட்டார்கள். நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எதிர்ஃபிளாட் வசந்தகுமார் இன்று காலைதான் கோயம்புத்தூரிலிருந்து திரும்பியிருந்தார். கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டிருக்கிறது. குடியிருப்புச் சொசைட்டி செகரட்டரியிடம் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு, கால்நடை மருத்துவரான அனீசாவுக்குப் போன் செய்தார்.

"சிக்கன் சோறு கொண்டாந்திருக்கேனுங்க டாக்டர். வெச்சிரட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாங்க! இப்ப வயிறு நிறையச் சாப்பிட்டா இதயமே நின்னுடும்."

அவர் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஊசி போட முன்னங்காலில் நரம்பு தேடிக்கொண்டே அவள் விளக்கினாள். சாப்பாடு நின்றால் உடம்பு முதலில் ஈரலிலுள்ள சர்க்கரையை எடுக்கும். பிறகு கொழுப்பை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருப்பதையே துண்டு துண்டாக்கி எரித்துக்கொள்ளும். கடைசியில் தசை. தன்னையே தின்றுதான் உயிரைப் பிடித்துவைத்திருக்கும். அந்த நிலையில் திடீரென்று சோறு விழுந்தால் இரத்தத்திலுள்ள உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறிவிடும்.

வசந்தகுமார் தட்டைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

ஆனாலும் அவளுக்கு ஒன்று இடித்தது. பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கிடைத்திருக்கிறது. தண்ணீர் கிடைத்த ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு நாளில் இவ்வளவு கரைய வாய்ப்பில்லை.

கிளினிக்குக்குக் கொண்டுபோக அதைத் தூக்கினாள். தலையை நிமிர்த்தக்கூட முடியாத நாய் உறுமியது. சமையலறைப் பக்கமே கழுத்தைத் திருப்பி இழுத்தது.

அடிவயிற்றில் கை பட்டதும் அனீசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எலும்பும் தோலுமான அந்த உடம்பில் அங்கே மட்டும் கனம் இருந்தது. வெதுவெதுப்பு இருந்தது. விரல்கள் நனைந்தன.

நாயை வசந்தகுமார் கைகளில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

சிங்க்குக்குக் கீழே, கிழிந்த கால்மிதியின் மேல், கண் திறக்காத ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

கொழுகொழுவென்று இருந்தது. வயிறு பந்துபோல உப்பியிருந்தது.

வாயோரத்தில் பால் இன்னும் காயவில்லை.