காய்ந்த பூவுக்குக் காவல்

ரோஜாச் செடியில் பூவுக்குக் காவலாக ஒரு முள் இருந்தது. காய்ந்த பூவை வெட்ட வந்த கத்தரிக்கோலிடம் அது சண்டைக்கு நின்றது.

"கிட்ட வந்தே, கிழிச்சிடுவேன்! இவ என் ராசாத்தி."

"அடேய், உன் ராசாத்தி கருகி எத்தனை நாளாச்சு! எதைடா காக்கிறே?"

"காப்பேன்னு சொன்னேன், காப்பேன்."

கத்தரிக்கோல் அலகுகளை விரித்தது. பூவுக்குக் கீழே, ஐந்திலைக் கொத்துக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. ராசாத்தி மண்ணில் விழுந்தாள். இனி எனக்கு என்ன வேலை என்று முள் அழுது ஓய்ந்தது.

ஒருநாள் காலையில் பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தால், அந்த ஐந்திலைக் கொத்து தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து சிவப்பாக ஒரு துளிர், பிறந்த பிள்ளையின் விரல் மாதிரி!

"அம்மாடி! இத்தனை நாளும் இதுக்குள்ளேயா படுத்திருந்தே?" என்றது முள்.

காற்றடித்ததும் துளிர் முள்ளின் பக்கமாகச் சாய்ந்தது. விலகவும் வழியில்லாமல், தன் கூர் பட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது முள்.