இரண்டாவது சாட்சி

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஆளில்லாதவர்களுக்கு வக்கீல் வேதரத்தினமே ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மரகதவல்லி அம்மாளுக்கும் அப்படித்தான். அவள் உயிலை அடிக்கடி மாற்றுவாள். அதற்காக அவரை மூன்றாவது மாடிக்கு வரவழைத்து, பால்கனியில் கிடக்கும் இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்றைக் காட்டிக் காபி கொடுப்பாள்.

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலி உங்களுக்குன்னு எழுதிடுங்க," என்றாள் இன்று. "இதுதான் கடைசி. இனிமே உயில மாத்தறேன்னு உங்கள அலைய விடமாட்டேன்."

"சாட்சிக்காரனுக்கு எழுதி வச்சா செல்லாதும்மா."

"அப்போ சாட்சிக்கு வேற ஆளப் பாருங்க."

கீழே வாட்ச்மேன் இருந்தார். இன்னொருவருக்காக இருவரும் யோசித்தார்கள். அவள் சொன்ன பெயர்கள் எல்லாம் செத்துப்போனவர்களுடையவை. வேதரத்தினத்துக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. அவருக்கு நெருக்கமாக இருந்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள்தான். அவர்கள் உயில்களையெல்லாம் அவரே கோர்ட்டில் வாசித்தாகிவிட்டது.

"சிலிண்டர்காரர் இன்னிக்கு வருவாரு. அவரையே கேட்டுடலாம்," என்றாள்.

காத்திருந்தார்கள். அவள் இரண்டாவது காபி போட்டு வந்தாள். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் அபூர்வமாகச் சிரித்தார். வெயில் கைப்பிடிச் சுவரை விட்டு இறங்கியபோது, படிகளில் சிலிண்டர் இடிபடும் சத்தம் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. அவள் பேச்சு பாதியில் நின்றது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது.

மறுபடியும் அடித்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.