எழுத்துப்பூர்வமான பதில்

"பாஸ்கோ இன்னைக்கு வரலையாம், ரோவினா. பிழைச்சோம்" என்றான் துணை அதிகாரி லாக்லன்.

சுகாதாரத் துறை இயக்குநர் ரோவினா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் செனட் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்காரும் எந்த அதிகாரிக்கும் செனட்டர் பாஸ்கோ என்றாலே குலை நடுங்கும்.

அரை மணி கழித்து அவர் வந்தேவிட்டார். உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்: "மாரூ தீவுக்கு மருத்துவப் படகு ஏன் இன்னும் போகல?"

"எழுத்துல பதில் தர்றோம்னு சொல்லிட்டு நழுவிடுங்க" என்று லாக்லன் காதோடு சொன்னான்.

ரோவினா மைக்கை அருகே இழுத்தாள். "நாலு தடவை அனுமதி கேட்டோம். நாலு தடவையும் மேலிடம் தள்ளிப்போட்டுச்சு. அதுக்குள்ள மூணு உயிர் போயிடுச்சு, செனட்டர்."

மறுநாளே படகுக்கு உத்தரவு வந்தது.

காபி வரிசையில் பாஸ்கோவைக் கண்டதும் ரோவினா நன்றி சொன்னாள்.

"எதுக்கு? உங்களை வறுத்தெடுத்ததுக்கா?"

"நீங்க கேக்காம நாங்களா வாய் திறக்க முடியாது. அதான் மூணு வருஷமா, குழு எதைக் கேட்டாலும், எழுத்துல அனுப்புற பதிலோட ஒன்பதாம் பக்கத்துல அந்தப் படகையும் சேர்த்துட்டு வந்தேன். அந்தப் பக்கம் வரைக்கும் படிச்ச முதல் ஆள் நீங்கதான்."