முழங்கை மடிப்பில் பஞ்சு

கண்டி வாவியைப் பார்த்திருக்கும் கந்தோரின் மேல்மாடியில், போரில் காயப்பட்ட இராணுவத்தினருக்காக இரத்ததானம் நடக்கிறது. கொடுத்தவர்கள் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டருமாக வெளியே போகிறார்கள். திரைச்சேலைக்கு உள்ளே, அங்கே வேலைபார்க்கும் கிளார்க் மங்களேஸ்வரியின் விரலில் தாதி ஊசியால் குத்தி, ஒரு துளியை நீலத் திரவத்தில் விடுகிறாள். நல்ல இரத்தமென்றால் அது தாழவேண்டும். மழைநாளின் மங்கல் வெளிச்சத்தில் துளி மேலேயே மிதக்கிறது. மங்களேஸ்வரி கெஞ்சி மற்றக் கைவிரலிலும் குத்துவிக்கிறாள், அதுவும் மிதக்கிறது. "இரத்தத்தில் சத்துப் போதாது, மிஸ். எடுக்க முடியாது" என்கிறாள் தாதி சிங்களத்தில். கட்டிலில் இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் பரமநாதன், அவளைத் தவிர அந்தக் கந்தோரில் இருக்கும் ஒரே தமிழர், தலையைத் திருப்புகிறார். "பிள்ளை, எனக்காவது உண்மையைச் சொல்லும். குடுக்க விருப்பமில்லையோ?" "உண்மையாவே சத்துக் காணாதாம் ஐயா." அவர் முகட்டைப் பார்க்கிறார். "வெளியில உந்தக் கதையை ஆர் நம்பப்போகினம்?" வெளியே வரிசையில் நிற்கும் அதே கந்தோரின் சிங்களப் பெண் விமலா, காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் தன் சிப்பாய்த் தம்பியைப் பற்றி யாருக்கோ சொல்வது கேட்கிறது. மங்களேஸ்வரி போகாமல் நிற்கிறாள். பிறகு முழங்கையைத் தாதியிடம் நீட்டி, அதில் கொஞ்சம் பஞ்சு ஒட்டிவிடும்படி மெதுவாகக் கேட்கிறாள். தாதி அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு ஒட்டிவிடுகிறாள். கையை மடித்துக்கொண்டு மங்களேஸ்வரி திரையை விலக்க, எதிரில் விமலா. விமலா பஞ்சைப் பார்க்கிறாள். பிறகு முகத்தைப் பார்க்கிறாள். "இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா?" என்று கேட்கிறாள்.