இனிமேல் பஞ்சர் இல்லை

"ட்யூபே வேணாம்னா, அப்புறம் காத்து எங்கேங்க நிக்கும்?" மனைவி வாசற்படியில் நின்றபடி கேட்டாள்.

"டயருக்குள்ளயே நிக்கும். இனிமே உனக்குப் பஞ்சர்ங்கிற பேச்சே இல்ல," என்றார் கணவர். கூடத்தின் நடுவில் அவளுடைய சைக்கிள் தலைகீழாக நின்றது.

அவள் தோள் பையை இறக்காமலே சைக்கிளைப் பார்த்தாள். வேலை பார்த்த ஆலையை மூடியதிலிருந்து இந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். நண்பர்கள் கூப்பிட்டும் அசையவில்லை. அவள் வேலை முடிந்து வரும் வழியில் பஞ்சர் என்று போன் செய்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு பாலம் வரை வருவார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டு இருவரும் வீடு திரும்புவார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அவர் பழைய மனிதராக இருப்பார். அதற்கும் வேட்டு வைக்கப் பார்க்கிறாரே.

"பழைய ட்யூபே நல்லாத்தானே இருக்கு?"

"இதுவா?" ட்யூபை உருவிக் காட்டினார். ஒட்டுமேல் ஒட்டு, எல்லாம் வால்வுக்குப் பக்கத்தில். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பித் துளைகளை மூடி ரிம்மைச் சுற்றி டேப் ஒட்டினார். புது வால்வை முடுக்கினார். டயரை மாட்டி, பால் போன்ற திரவத்தை உள்ளே ஊற்றிப் பம்பை அடித்தார். காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போய்விட்டது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"விட்டுடுங்க, இது வேலைக்காகாது."

அவர் விடவில்லை. ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, மூச்சு வாங்க மறுபடி அடித்தார். 'டொக்'கென்று டயர் ரிம்மில் போய் உட்கார்ந்தது. அவர் இப்படி வியர்த்து அவள் பார்த்து எத்தனையோ மாதங்கள். அதற்காகச் சிரிப்பதா, நாளை மாலையை நினைத்து அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். "எது குத்தினாலும் அந்தப் பாலே ஓட்டைய அடைச்சிடும். சோதிச்சுப் பாத்துடலாம். உன் ஊசியக் குடு."

"எந்த ஊசி?"

"நீ பைண்டிங் கடையில புத்தகம் தைக்கிற ஊசிதான். பை வார்ல குத்தி வச்சிருக்கியே."

பை வாரிலிருந்து உருவிக் கொடுத்தாள். வால்வுக்குப் பக்கத்தில் நறுக்கென்று குத்தி எடுத்தார். வெள்ளையாக ஒரு துளி எட்டிப் பார்த்து, அப்படியே உறைந்தது.

ஊசியைத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே பாலத்துகிட்ட நின்னு கஷ்டப்பட்டுக் குத்தாத. நாளைலேருந்து நீ கூப்பிடாமலே வந்துடறேன்."