அக்டோபரில் சாவி

வீடு வாங்குகிறவர்கள் முன்வாசலில் நின்று மணி அடிப்பார்கள். பின்வாசல், தோட்டத்துச் சந்து வழியாக வருகிற அக்கம்பக்கத்தாருக்கு.

அதனால் பக்கத்து வீட்டு ஆரி பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, வில்மா காபி ஊற்றுவதைக்கூட நிறுத்தவில்லை.

“ஆரி, அப்புறமா வாங்க. வீடு வாங்குறவர் கையெழுத்துப் போட இப்ப வந்துடுவார்.”

ஆரி போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோட்ட வேலைக்கு அரைக்கால் சட்டையோடு திரிகிற மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

தரகர் ஃப்லூர் ஒப்பந்தத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “வந்துட்டார், மேடம். இவர்தான்.”

வில்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். காபி தட்டில் வழிந்தது.

வீட்டைப் பார்க்க ஊரே திரண்டு வந்துவிட்டுப் போயிருந்தது. அத்தனை பேரையும்விட அதிக விலைக்கு ஒருவர், வேறொரு தரகரை வைத்துக் கேட்டிருந்தார். பெயரைக் கையெழுத்துப் போடும் நாளில்தான் சொல்வாராம். யாரோ ஆம்ஸ்டர்டாம் பணக்காரன் என்று வில்மாவின் கணவன் யெல்லே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆரியிடமும் சொன்னான். ஆரி “அப்படியா” என்று பிஸ்கட்டைக் கடித்தார்.

வந்தவர்கள் எல்லாரும் மயங்கியது, இப்போது இவர்கள் உட்கார்ந்திருக்கும் பின்கட்டைப் பார்த்துத்தான்.

அந்த வரிசையில் எல்லாம் ஒரே அச்சு வீடுகள். இவர்கள் மட்டும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பின்பக்கம் தோட்டத்துக்குள் நீட்டிக் கட்டினார்கள். ஆரி வீட்டுப் பக்கம் செங்கல் சுவர், மற்ற இரண்டு பக்கமும் கண்ணாடி. மதியம் உள்ளே வருகிற வெயில், பத்து மணிவரை இருட்டாத கோடையில் ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை போகாது.

“ரெண்டு வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்றான் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த யெல்லே.

“எங்க வீட்டை வித்துட்டேன், வெளியில தெரியாம.”

“அப்ப பக்கத்து வாசல்லேருந்து இந்த வாசலுக்குக் குடிவர்றீங்களா? லாரி ஏதும் வேணுமா?”

யெல்லே சிரித்தான்.

ஆரி தரையில் கிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெயில் இந்தப் பக்கம் குடிவந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, யெல்லே. நாங்க இப்பத்தான் வர்றோம்.”

வில்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்தச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம், அதன் நிழலில், ஆரியின் பின்னறை. மாடி ஏற முடியாமல் போன பிறகு, அவர் மனைவி டினி இரண்டு வருடமாகப் படுத்திருக்கும் அறை. பட்டப்பகலிலும் அங்கே விளக்கு எரியும். கண் பார்வை மங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று வில்மா நினைத்திருந்தாள்.

நன்றாக நடமாடிய காலத்திலும் டினி இந்தப் பின்கட்டுக்குள் வந்ததில்லை. பிறந்தநாளுக்குக் கேக் மட்டும் கொடுத்தனுப்புவாள். பொறாமை என்று வில்மாவும் யெல்லேயும் சேர்ந்தே முடிவு கட்டியிருந்தார்கள்.

கேட்காமல் ஒன்றும் கட்டவில்லை. தாராளமாகக் கட்டுங்கள் என்று சொன்னதே டினிதான். கொத்தனார்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் வில்மா. “தினம் அவளைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வெச்சிருப்பேனே!”

“நானும் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டுல போய் வெயிலைக் கடன் கேக்க மாட்டேன்னுட்டா. வாங்கினா வர்றேன், இல்லாட்டி இப்படியே இருந்துக்கறேன்னா.” ஆரி மூக்கை உறிஞ்சினார். “பேரையும் சொல்லக் கூடாதுன்னா. சொன்னா நீங்க விலையைக் குறைப்பீங்களாம்.”

ஃப்லூர் ஒப்பந்தத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வீடு விற்கிற பெண், அவளுக்கு அவள் வேலை.

“சாவி கைமாறுறது அக்டோபர் ஒண்ணாம் தேதி. அதுல மட்டும் மாற்றம் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம், சார்.”

ஆரி பேனாவை எடுத்தார். அது தாளைத் தொடவில்லை.

“கொஞ்சம் முன்னாடி ஆகுமா?”

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் இவர்களிடம் கேட்ட முதல் உதவி அது.

யெல்லே விளக்க ஆரம்பித்தான். மகள் ஊரில் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இன்னும் கதவு, ஜன்னலே வைக்கவில்லை, அதுவரை தங்க வேறு இடமில்லை என்றான். ஆரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “புரியுது. புரியுது.”

பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“டினி ஆகஸ்ட்டைத் தாண்ட மாட்டாள்னு டாக்டர் சொல்றாரு.”



வில்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் ஒப்பந்தத்தை ஆரியின் கைக்கு நேராகத் தள்ளினாள்.

“போடுங்க கையெழுத்தை. சாவியை அக்டோபர்லயே வாங்கிக்குங்க. கட்டிலை இன்னிக்கே கொண்டு வாங்க.”

“நீங்க இருக்கும்போதா?”

“அவ வீட்டுல நாங்க இருந்துட்டுப் போறோம். வேணும்னா வாடகை கேக்கச் சொல்லுங்க.”

ஆரி கையெழுத்துப் போட்டார்.

யெல்லே அதற்குள் எழுந்துபோய், கண்ணாடிக் கதவுப் பக்கம் கிடந்த சோபாவைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தான்.