வாசலில் வேப்பிலை

இருட்டிய பிறகு வாசல் பக்கம் 'படக், படக்'கென்று ஏதோ முறிகிற சத்தம். மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் பயந்துபோய் ஓடினேன்.

பார்த்தால், என் நாத்தனார் மஞ்சு. வேப்பங்கிளையை ஒடித்து ஒடித்துக் கதவு நிலையில் செருகிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கலைமதி பிறந்ததிலிருந்தே மூளைவாதக் குழந்தை. வளைந்துபோன முதுகெலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, மறுபடி திறந்து கழுவி, இப்போதுதான் செஞ்சிக்குக் கூட்டிவந்திருக்கிறோம். இன்னொரு தடவை சீழ் வைத்தால் கம்பியையே எடுக்க வேண்டிவரலாம், யாரையும் கிட்டே விடாதீர்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

யார் கேட்கிறார்கள்? தெருவே ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்துபோகிறது. நேற்று எதிர்வீட்டு விருத்தாம்பாள் முதுகுக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மேல்மலையனூர் திருநீற்றைப் புண்மேலேயே பூசப் போனார். கையைப் பிடித்துத் தடுத்ததற்கு, பெரிய படிப்புக்காரி என்று முறைத்துக்கொண்டு போனார்.

இப்போது வீட்டுக்குள்ளேயே இவள்.

"புண்ணுல கிருமி, மஞ்சு. இதைப் போயி சாமி குத்தம்னு வேப்பிலை கட்டுவியா?"

"கலைக்கு அம்மை போட்டிருக்குதுன்னு தெருவுல சொல்லிட்டேன் அண்ணி."

"பொய்யா?"

"பின்ன? கிருமின்னா ஆப்பிளோட வர்றாங்க. அம்மைன்னா வாசப்படி மிதிக்க மாட்டாங்க. உங்க கான்வென்ட்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் சிரித்ததே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மஞ்சுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். எத்தனையோ தட்டிப்போய், அவளே போட்டோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன இடம்.

"ஐயோ, அவங்க?"

"அம்மை போட்ட வூட்டுல யாரு பொண்ணு பாப்பாங்க? இப்ப வரவேணாம்னு மத்தியானமே தரகருக்கு போன் பண்ணிட்டேன்."

"அவருகிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"அவருகிட்ட சொன்னா செஞ்சி பூரா தெரிஞ்சிடும்."

"அதுக்குள்ள அவங்க வேற இடம் பாத்துட்டா?"

கடைசிக் கொத்தைச் செருகிவிட்டுக் கையை உதறினாள்.

"பாக்கட்டும்" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.